மேட்டூர் தண்ணீர் எத்தனை அடி, சரி; எப்படி இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, திறப்பு எல்லாம் தினமும் போடுகிறீர்கள், நாங்களும் காபியோடு முதலில் அதைத்தான் பார்க்கிறோம். தண்ணீரின் தரம் பற்றியும் ஒரு வரி போட்டால் என்ன?

பண்ணவாடி, கொளத்தூர் பக்கம் வந்து பாருங்கள். வரத்து நின்று வெயில் ஏறினால் கரையோரம் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியது மாதிரி பாசி திரளும். காற்று ஒதுக்கும் மூலையில் தடித்துப் போய், பாறையில் ஒட்டிக் காய்ந்து நீலம் பாரித்துக் கிடக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். அப்புறம்தான் ஆட்கள் வந்து நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பார்கள்.

இது சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லைங்க. அணை வற்றினால் உள்ளே சோளம், கடலை என்று வெள்ளாமை வைக்கிறோம் (யாரையும் குறை சொல்லவில்லை, எங்கள் சொந்தபந்தமும் அதில் உண்டு), அடியுரமாக டிஏபி போடுகிறோம், திரும்பத் தண்ணீர் ஏறும்போது அந்த உரத்திலிருந்து மண்ணில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ் அதில் கலந்து பாசிக்குத் தீனியாகிறது. மேலேயிருந்து வரும் சாக்கடை வேறு. 25 டிகிரிக்கு மேல் சூடும் அசையாத தண்ணீரும் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசிக்குக் கொண்டாட்டம். அதன் செல்லுக்குள்ளேயே காற்றறைகள் இருப்பதால் மேலே மிதந்து வந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும்.

ஆக பாஸ்பரஸ், சூடு, வரத்து, காற்று நான்கையும் கவனித்து வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் ஈரி ஏரிக்கு 2012 முதல் அப்படித்தான் செய்கிறார்கள், மௌமி ஆறு கொண்டுவந்து சேர்க்கும் பாஸ்பரஸை அளந்து அந்த வருடம் பாசி எவ்வளவு வரும் என்று கோடையிலேயே அறிவித்துவிடுகிறார்கள். 2014 ஆகஸ்டில் அதே ஏரித் தண்ணீரைக் குடிக்கும் டொலிடோ நகரத்தில் பாசி நஞ்சு குழாய்க்கே வந்து, குடிக்காதீர்கள் என்று லட்சக்கணக்கான பேருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. மேட்டூர்த் தண்ணீரையும் எத்தனையோ ஊர் குடிக்கிறது.

பெரிய செலவும் இல்லை. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 5 நாளைக்கு ஒருமுறை எடுக்கும் படம் இலவசமாகவே கிடைக்கிறது, பச்சை எந்தப் பக்கம் கூடுகிறது என்று மேகமில்லாத நாளில் அதிலேயே தெரியும். பரிசல்காரர் ஒருவரிடம் கயிறு கட்டிய வெள்ளைத் தட்டைக் கொடுத்து, எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று குறிக்கச் சொன்னால் தண்ணீரின் தெளிவு தெரிந்துவிடும். வாரத்துக்கு வாரம் அது குறைந்துகொண்டே வந்தால் பாசி கிளம்புகிறதா என்று உடனே பார்க்கலாம். அதிகாரிகள் இந்தக் கணக்கைக் கொடுக்கட்டும், நீங்கள் நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

ஒரு வாசகர், கொளத்தூர், சேலம் மாவட்டம்