டர்போவைக் கழற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டீசல் காரில், புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைச் சுற்றி ஆயில் கசிகிறது என்று கேட்ட வாசகருக்கு, தங்கள் வாகனப் பக்கத்தில் “டர்போ சீல் போய்விட்டது, டர்போவை மாற்றுங்கள்” என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. டர்போ நனைந்திருப்பது வேறு, டர்போ கெட்டிருப்பது வேறு. இந்த வித்தியாசம் பாராமல் புது டர்போ போட்டவர்கள் அதே கசிவோடு திரும்பி வருவது பட்டறைகளில் சகஜம்.

நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் ஷாஃப்டில் (சுழல் தண்டில்) ரப்பர் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம்தான். ஆயில் உள்ளே வருவது பிரஷரில். வெளியேறுவதோ நுரையோடு நுரையாக, தன் எடையில் இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்புக்கு வழிந்து. அதனால்தான் ஃபீட் பைப் பென்சில் கனத்திலும் டிரெயின் பைப் கட்டைவிரல் கனத்திலும் இருக்கின்றன. இறங்க வழியில்லாத ஆயில் அந்த வளையத்தைத் தாண்டித்தான் போகும். டர்போ புதிதா பழையதா என்று அது பார்ப்பதில்லை.

வழி ஏன் அடைபடுகிறது? டிரெயின் பைப்புக்குள் ஆயில் கருகிக் கரியாகப் படிந்திருக்கலாம். ஹோஸ் மடங்கியிருக்கலாம், செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் அது சாயக் கூடாது. பேக்கிங்கோடு சிலிக்கான் பேஸ்ட்டையும் அப்பியிருந்தால், பிதுங்கிய பேஸ்ட் பாதி வாயை மூடியிருக்கும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் சிக்கல்தான். எல்லாவற்றையும் விட அதிகம் கவனிக்காமல் விடப்படுவது பிரீதர், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டில் சேரும் வாயுவை வெளியேற்றும் மூச்சுக்குழாய். அது அடைத்துக்கொண்டாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து அந்த இடுக்கில் வாயு கீழே கசியும் புளோ-பை கூடினாலோ, கிராங்க் கேஸ் எனும் அந்த அடிக்கூட்டில் ஏறும் பிரஷர் டிரெயினில் இறங்கும் ஆயிலை எதிர்த்துத் தள்ளும். அதே பிரஷர் கிராங்க் சீல், டேப்பட் கவர் பேக்கிங், டிப்ஸ்டிக் குழாய் வழியாகவும் ஆயிலைத் துப்பும். நான்கு இடத்தில் ஒரே சமயத்தில் கசிந்தால் நான்கு பேக்கிங் வாங்காதீர்கள், முதலில் பிரீதரைக் கழற்றிப் பாருங்கள்.

இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். உள்ளே இருப்பது தெரியும் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் ஹோஸை ‘யு’ போல வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் செருகி, சூடான இன்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். தண்ணீர் லேசாக ஆடலாம். திறந்த பக்கம் நிற்காமல் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் டர்போ அல்ல.

கசிவின் ஊற்றைத் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. இன்ஜினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, டிகிரீசர் போட்டுக் கழுவிக் காயவைத்து, 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஆயில் காற்றில் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் பரவும் என்பதால், சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, நனைந்த இடங்களிலேயே மிக உயரமாகவும் முன்னாலும் இருப்பதைத் தேட வேண்டும். பிடிபடவில்லையா? ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா டார்ச்சும் உதவும். அதுவும் இல்லாவிட்டால், இன்ஜின் ஆறிய பின் சந்தேகப்படும் இடத்தில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஓட்டி வந்ததும் வெள்ளையில் கருங்கோடாக வழி தெரியும். கசிவைக் காண இன்ஜினுக்குள் காற்றடித்துச் சோதிப்பவர்கள் 3 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் போனால் நல்ல சீலும் பிய்த்துக்கொள்ளும்.

ஃபீட் பைப்பை டர்போவில் இணைக்கும், நடுவே துளையுள்ள பேன்ஜோ போல்ட்டில் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்கள் ஒரு முறை நசுங்கியவை. கழற்றினால் புதிது போடுங்கள். இந்தச் சின்ன வாஷரைக் கஞ்சத்தனமாகத் திரும்பப் போட்டதால் நனைந்த டர்போக்கள் ஏராளம்.

டர்போ அனுப்பும் சூடான காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்பு. அது பிரீதர் ஆவி. ஹோஸைக் கவிழ்த்தால் கொட்டும் அளவுக்கு இருந்தால்தான் கவலை. அப்போதும் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் பக்கம் உறிஞ்சும் இழுப்பு கூடி ஆயிலை இழுத்துக்கொள்ளும். பிறகு ஷாஃப்டைக் கையால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் சரி, ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. பிளேடு வெளிக்கூட்டில் (ஹவுசிங்கில்) உரசினாலோ, முன்னும் பின்னும் ஆட்டம் விரலுக்குத் தெரிந்தாலோ டர்போ முடிந்தது. நெடுநேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போது நீலப் புகை தள்ளுவதும் டர்போவைக் காட்டும். காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகைந்தால் வால்வு சீல்.

பி.எஸ்.6 எனும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல்களில் ஒரு பொறி உண்டு. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். தன்னைத்தானே எரித்துச் சுத்தமாகும்போது கொஞ்சம் டீசல் ஆயிலில் கலப்பதால், கசிவு இருந்தும் டிப்ஸ்டிக்கில் மட்டம் இறங்காமல் நிற்கலாம்.

இத்தனைக்கும் பிறகு டர்போவே மாற்ற வேண்டியதானால், ஃபீட், டிரெயின் பைப்புகளையும் மாற்றச் சொல்லுங்கள். மாட்டும்போது ஆயில் துவாரத்தில் புது ஆயில் ஊற்றி, எரிபொருளைத் துண்டித்து 10, 15 விநாடி செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவுவதைத் தவிர்க்கவே கூடாது. அங்கே தேங்கிய ஆயில் டீசல் இன்ஜினுக்கு எரிபொருளாகவே பயன்படும். சாவியை அணைத்தாலும் இன்ஜின் அலறிக்கொண்டு ஓடும். மேனுவல் கியர் வண்டியில் அப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
கோவை.