850 வாட் போதும் என்று விற்ற பவர் சப்ளை குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
(காந்திபுரம் கிளை விற்பனை தொடர்பாக), கோயம்புத்தூர்.

பொருள்: இரண்டு கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்குப் பொருந்தாத பவர் சப்ளையை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளுக்கு முப்பரிமாண டிசைன் செய்து கொடுக்கிறோம். துணியில் கத்தி வைப்பதற்கு முன்பே, உடுப்பு எப்படி விழும், பிரிண்ட் எங்கே உட்காரும் என்று துணி வாங்கும் பையருக்குப் படமாகக் காட்டுவதுதான் வேலை. அதற்காக உங்கள் கிளையில் இரண்டு ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டும் ரைசன் 9 5950எக்ஸ் பிராசசரும் போட்டு ஒரு கணினி வாங்கினோம். ராத்திரி முழுக்க ரெண்டரிங், அதாவது டிசைனைப் படமாக மாற்றும் வேலை, ஓடும் என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தோம். பவர் சப்ளையைத் தேர்ந்தெடுத்தது உங்கள் விற்பனையாளர். “கார்டு ரெண்டுக்கும் 700, பிராசசருக்கு 105, ஆக மொத்தம் 805. 850 கோல்டு போட்டா தாராளமுங்க” என்று கணக்கை பில்லின் பின்பக்கத்திலேயே எழுதியும் கொடுத்தார். அந்த பில்லின் நகலை இணைத்திருக்கிறேன்.

ஒரு கார்டில் வேலை பார்த்தால் தொந்தரவு இல்லை. ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இரண்டு கார்டையும் சேர்த்து ஓடவிட்டால் கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத்திரை வருவதில்லை, எச்சரிக்கையும் இல்லை. பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வருகிறது. பவர் சப்ளை தன் பாதுகாப்புக்காகத் தானே வெட்டிக்கொள்ளும்போது நடப்பது இதுதான். விண்டோஸ் பதிவிலும் கெர்னல் பவர் 41 என்ற பிழை, அதாவது முறைப்படி அணைக்காமல் கணினி நின்றுபோனது என்ற குறிப்பு, மட்டுமே விழுந்திருக்கிறது.

உங்கள் சர்வீஸ் பிரிவு தந்த பதில், “உங்க ஊர்ல வோல்டேஜ் சரியில்லீங்க, ஸ்டெபிலைசர் போடுங்க” என்பது. கணினி ஆன்லைன் யூபிஎஸ்ஸில் ஓடுகிறது. அதே யூபிஎஸ்ஸில் இருக்கும் மற்ற கணினிகள் அந்த நேரத்தில் கண்கூடச் சிமிட்டவில்லை. இன்னொன்றும் செய்து பார்த்தோம். ஒவ்வொரு கார்டும் 250 வாட்டுக்கு மேல் இழுக்காதபடி மென்பொருளில் வரம்பு வைத்தபோது, அதே வேலை, அதே கரண்ட், விடியும்வரை நிற்காமல் ஓடியது. வோல்டேஜ் மேல் பழி போட இனி இடமில்லை. சரி, 350 வாட் கார்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 250 வாட்டில் ஓட்டிக்கொண்டிருக்க எனக்கு என்ன வேண்டுதலா?

உங்கள் ஆள் எழுதிய கணக்குக்கு வருகிறேன். அந்தப் பிராசசரின் 105 வாட் பெட்டியில் போடும் எண். முழுச் சுமையில் அது 142 வாட் வரை எடுத்துக்கொள்ளும். மதர்போர்டு, மெமரி, எஸ்எஸ்டி, ஃபேன் எதுவுமே கணக்கில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் 850ஐத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு 3090 கார்டுக்கே 750 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது அதன் தயாரிப்பாளரான என்விடியாவின் பரிந்துரை. இரண்டுக்கு 850 எப்படித் தாராளமாகும்?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 350 வாட் என்பது சராசரி. 3090 கார்டு மில்லி நொடிக் கணக்கில் அதைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டு இறங்கும். இரண்டு கார்டும் ஒரே சமயத்தில் இழுத்தால் பவர் சப்ளை வெட்டிக்கொள்கிறது. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது பம்பு செட்டு வைத்திருக்கும் எங்கள் பக்கத்து விவசாயிக்கும் தெரியும். மோட்டார் செய்தே பேர் வாங்கிய கோவையில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. பவர் சப்ளைகளுக்கென்று 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இந்தத் திடீர் இழுப்புக்காகவே, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு இரண்டு மடங்குச் சுமையைத் தாங்க வேண்டும் என்கிறது. கோல்டு முத்திரை இதற்கு உத்தரவாதம் இல்லை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

அப்புறம் கேபிள். ஒவ்வொரு கார்டிலும் 8 பின் சாக்கெட் இரண்டு. உங்கள் டெக்னீஷியன் கார்டுக்கு ஒரே கேபிள் இழுத்து, அதன் நுனியில் பிரியும் இரட்டைத் தலையைச் சொருகியிருக்கிறார். கார்டு உட்காரும் மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். மீதி முழுக்க ஒரே கேபிளில் போகிறது. ரெண்டரிங் நடுவே தொட்டால் சுடுகிறது.

நான் கேட்பது: இந்தப் பவர் சப்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஏடிஎக்ஸ் 3.0 விதிக்கு உட்பட்ட, 1200 வாட்டுக்குக் குறையாத ஒன்றைத் தாருங்கள். விலை வித்தியாசத்தைக் கட்டுகிறேன், பொருத்தும் கூலியைக் கட்ட மாட்டேன். புது 16 பின் கனெக்டரைக் காட்டி ஒப்பேற்ற வேண்டாம். எனக்குத் தனித்தனிக் கேபிளில் நான்கு 8 பின் வேண்டும். பழைய கேபிளைப் புதியதில் சொருகவும் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும், கார்டு எரிந்தால் பொறுப்பு உங்களுடையது.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பேன். வாங்கியது கோவையில் என்றாலும், குடியிருக்கும் திருப்பூரிலேயே கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், திருப்பூர்.

இணைப்பு: பில் (இரு பக்கமும்), விண்டோஸ் பதிவு, கேபிள் படங்கள்.