எங்கள் ஆங்கில ரீச்சரை இப்போது மாற்றாதீர்கள்

வடக்கில் ஆசிரியர் இடமாற்றங்களைத் தீர்மானிக்கும் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் வன்னியில் ஒரு சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவள். எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ரீச்சரின் பெயர் இந்த வருட இடமாற்றப் பட்டியலில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இதை எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. தெரிந்தால் ஏசுவார்.

2009 ஏப்ரலில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் அம்மாவும் அப்பாவும் ஒரே செல் வெடிப்பில் போய்விட்டார்கள். எனக்குப் பத்து வயது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஓடியதில் படிப்பு எப்போதோ நின்றுவிட்டது. செட்டிக்குளம் முகாமிலிருந்து இல்லத்துக்கு வந்தபோது எனக்கு ஏபிசிடி கூட முழுதாகத் தெரியாது.

ஆறாம் வகுப்பில் 'மை ஃபமிலி' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'மை மதர் இஸ் எ டெய்லர்' என்று எழுதினேன். அம்மா தையல்காரிதானே. கொப்பியைத் திருத்திய ரீச்சர் எழுத்துப் பிழைகளை எல்லாம் வட்டமிட்டிருந்தார். அந்த 'இஸ்'ஸை மட்டும் தொடவில்லை. இறந்தகாலம் படிப்பித்தபோதும் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் படிப்பித்தார். அடுத்த வருடம் நானாகவே பழைய கொப்பியை எடுத்து 'வாஸ்' என்று மாற்றினேன். அன்றுதான் அம்மாவுக்காக முதல் தடவை அழுதேன். ரீச்சர் பக்கத்தில் இருந்தார்.

மற்றப் பிள்ளைகள் ரியூசனுக்குப் போகும் பின்னேரங்களில் அவர் தன் பஸ்சை விட்டுவிட்டு இல்லத்துக்கு வருவார். விறாந்தையில் பாய் விரித்து இருப்போம். வகுப்பில் டஸ்ரரால் மேசையில் ஒருநாளும் தட்ட மாட்டார். சத்தம் கேட்டால் எங்களில் சிலர் மேசைக்குக் கீழே போய்விடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

ஆங்கிலம் ஒரு பாடம்தானே, வேறு ஆள் வந்து படிப்பிக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பஸ்சில் அதைக் கடந்துதான் போகிறார்கள். உள்ளே படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் கணிதத்தை நன்றாகச் செய்து உள்ளே போகிற பிள்ளைகூட முதல் நாளே திணறும். தாய் தகப்பன் உள்ள பிள்ளைக்கு வீட்டில் யாராவது தோள் கொடுப்பார்கள். எங்களுக்கு 18 வயது முடிந்தால் இல்லமும் இல்லை. நான் வெளியே வந்த பிறகு வேலைக்கு விண்ணப்பம் எழுதியதும், நேர்முகத்துக்குப் பயிற்சி எடுத்ததும் ரீச்சருடன் போனில்தான்.

இடமாற்ற விதி தேவையானதுதான். அது இல்லாவிட்டால் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கு யார் வருவார்கள்? ஆனால் ரீச்சர் தன் கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்த பிறகும் தானாகவே விரும்பி நின்றவர். விதி பாதுகாக்க நினைக்கிற பிள்ளைகளிடமிருந்துதான் இப்போது அவரைப் பிரிக்கிறது.

2009 இல் தாய்மாரின் இடுப்பில் இருந்த குழந்தைகள் வளர்ந்து உயர்தரத்துக்கு வந்துவிட்டார்கள். இல்லத்தில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை ரீச்சரை விட்டுவையுங்கள். அப்புறமும் மாற்றத்தான் வேண்டும் என்றால், அவர் இருக்கும்போதே புதியவரை அனுப்புங்கள். ஒரு தவணையாவது இருவரும் ஒன்றாக அந்த விறாந்தையில் இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சத்தம் ஆகாது என்று ரீச்சர் சொல்லிக் கொடுப்பார்.

இப்படிக்கு,
ரீச்சரிடம் படித்த பழைய மாணவி