சின்னச் சபையிடமும் ஒரு கொப்பி இருக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

தரங்கம்பாடிப் பக்கத்துச் சிற்றூர் லுத்தரன் சபை ஒன்றின் வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். மட்டக்களப்பில் லுத்தரன் என்றால், அது ஒரு புரட்டஸ்தாந்துப் பிரிவு என்று பலருக்கு விளங்காது. இங்கே கத்தோலிக்கம், மெதடிஸ்தம், கொஞ்சம் அங்கிலிக்கன், அப்புறம் பிந்தி வந்த சபைகள். எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்தில், உள்ள எங்கள் ஊரில் இருப்பது ஒரு மெதடிஸ்த ஆலயம். முப்பது குடும்பம் தேறாது. அதன் செயலாளராகப் பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கட்டுரை நல்லது. ஒரு இடத்தில்தான் முட்டிக்கொண்டேன். சின்னக் கிராமச் சபைகள் எதையும் எழுதி வைப்பதில்லை, ஆகவே அவற்றுக்கு வரலாறு கிடையாது என்ற தொனியில் கட்டுரையாளர் முடித்திருந்தார். அவர் எடுத்துக்கொண்ட தரங்கம்பாடியே அதற்கு மறுப்பு அல்லவா?

ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், அப்போது டேனிஷ்காரர் கையிலிருந்த அந்த ஊரில் 1706 ஜூலை 9 இல் வந்து இறங்கினார். அடுத்த வருடம் மே மாதத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அதைவிடச் சின்னச் சபை உண்டா? 1733 இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், புரட்டஸ்தாந்து சபையின் முதல் இந்தியப் போதகர். அவர் ஊழியம் செய்தது மாயவரம் பக்கத்து நாட்டுப்புறத்தில். அந்தச் சிற்றூர்களில் நடந்தது நமக்கு இன்றைக்கும் தெரிகிறதென்றால் காரணம் இதுதான்: போதகர்களும், அவர்களுக்கு உதவியாகச் சமயம் கற்பித்த உபதேசியார்களும் எங்கே போனோம், யாரோடு பேசினோம், யார் ஏசி விரட்டினார் என்பதை எல்லாம் எழுதினார்கள், அது கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துக்குப் போய் அச்சானது, மூலத்தாள்களை அங்கே இன்னும் வைத்திருக்கிறார்கள். எழுதியவன் ஒருவன், கட்டி வைத்தவன் இன்னொருவன். இரண்டில் எது தவறினாலும் ஒன்றும் மிஞ்சியிராது.

எங்கள் பக்கம் எழுதினார்கள், கட்டி வைக்கத்தான் ஆளில்லை. மிஷனரிமார் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஊரில் எழுதியது ஊரிலேயே கிடந்து கறையானுக்குப் போனது.

சில வருடங்களுக்கு முன் ஆலய ஆண்டு நிறைவுக்கு நினைவு மலர் ஒன்று போட்டோம். வாழ்த்துச் செய்திகள் மட்டும் 14 பக்கம். பாராளுமன்ற உறுப்பினர் தொடங்கி கடைக்காரர் வரை எல்லோரும் வாழ்த்தியிருந்தார்கள். சபை வரலாறு ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம், மட்டக்களப்புக்கு முதலில் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட். அந்த மனிதரில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்து, 1814 இல் காலியில் வந்திறங்கி, தனி ஆளாக மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கி, 1815 ஏப்ரல் 1 இல் இங்கேயே கண்ணை மூடியவர். ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் தன் வயதை அவரிலிருந்துதான் எண்ணுகிறது. நகரத்தில் சிலையும் நிற்கிறது. எல்லாம் சரி. ஆனால் அவர் எங்கள் ஊர் மணலில் கால் வைத்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சான்றுகூட இல்லை. மலரை வாசித்தால் அவர்தான் எங்கள் அத்திவாரக் கல்லை நட்டுவிட்டுப் போனார் என்று நினைப்பீர்கள். மீதி அரைப் பக்கம் போதகர்களின் பெயர்ப்பட்டியல். அதிலும் இரண்டு பேர் இடம் மாறியிருந்தார்கள். பிழை பார்த்தவன் நான்தான், ஆகவே பழியும் எனக்குத்தான்.

அந்த வெட்கத்தில்தான் மேசை லாச்சியில் கிடந்த ஞானஸ்நானப் பதிவேட்டை ஒரு நாள் முழுக்க இருந்து வாசித்தேன். இரண்டு கொப்பி. பழையதற்கு முன்பக்கங்கள் இல்லை. தேதி, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஊர், தகப்பனின் தொழில், நடத்தியவரின் கையொப்பம். இவ்வளவுதான். ஆனால் தொழில் என்ற அந்த ஒரு நிரலை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போங்கள். வேளாண்மை, வேளாண்மை, தோணி, வேளாண்மை, தச்சு. பத்துப் பன்னிரண்டு பக்கம் தாண்டினால் ஆசிரியர் என்று ஒன்று வருகிறது. பிறகு இன்னொன்று. அப்புறம் ஒரே பக்கத்தில் நாலு. மிஷன் பள்ளிக்கூடம் ஊருக்கு என்ன செய்தது என்று யாரும் எனக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. நீண்ட காலம் ஒரே கையெழுத்து, அழகான சாய்வெழுத்து. அது போதகரின் கை அல்ல. போதகருக்குப் பல ஊர்கள். மாதத்தில் ஒரு தரம் வந்தாலே பெரிது. பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார்தான் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார், பதிவேடு எழுதுவார், வள்ளம் பிடித்து வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய் அங்குள்ள இரண்டு மூன்று குடும்பங்களையும் பார்த்து வருவார். 1960, 61 இல், மிஷன் பள்ளிக்கூடங்கள் போன்ற உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது. வாத்தியார்மார் அரசாங்க ஆட்களானார்கள், இடமாற்றம் வந்தது, போனார்கள். பதிவேட்டில் அதற்குப் பிறகு கையெழுத்து மாறிக்கொண்டே இருக்கிறது, இடையிடையே வெற்றுப் பக்கம். பாடசாலைகளை எடுத்தது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாச் சாதி, சமயப் பிள்ளைகளுக்கும் அதனால் கதவு திறந்தது. சின்னச் சபைக்கு அது எப்படி வலித்தது என்பது மலரில் இல்லை, கொப்பியில் இருக்கிறது.

முன்பக்கங்கள் போன கதையைப் பெத்தா (பாட்டி) சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1978 நவம்பர் 23, சூறாவளி. எங்கள் ஊரில் வயதைக்கூடச் சூறாவளிக்கு முந்தி, பிந்தி என்றுதான் சொல்வார்கள். தென்னைகள் தலையில்லாமல் நின்றன, ஆலயத்து ஓடுகள் ஒன்று மிச்சமில்லை. மறுநாள் பெண்கள் கூடிப் பதிவேட்டைப் பாயில் விரித்து வெயிலில் காய வைத்தார்களாம். மை கரைந்த தாள்களை ஆரோ ஒரு கிழவி அடுப்புக்குள் போட்டுவிட்டாளாம். அவளைக் குறை சொல்ல முடியாது. வெற்றுத் தாள் என்று நினைத்திருப்பாள்.

1990 இல் போரால் இடம்பெயர்ந்தபோது மிச்சக் கொப்பிகள் கோதுமை மா பை ஒன்றுக்குள் போய், அகதி முகாமில் யாரோ ஒருவரின் தலையணையாக இருந்து, திரும்பி வந்தன. அதற்குப் பிறகுதான் அவற்றுக்கு ஊரில் மதிப்பு வந்தது. பிறப்புப் பத்திரம் தொலைத்தவர்கள், அடையாள அட்டைக்கு வயதை நிரூபிக்க வேண்டியவர்கள், வேறு சமயத்துக்கு மாறிப் போனவர்கள்கூட, ஞானஸ்நானச் சான்று கேட்டு வாசலில் நின்றார்கள். கடற்கரைச் சபைகளில் 2004 மார்கழி (டிசம்பர்) 26 சுனாமியில் கொப்பியும் போயிற்று, கேட்டு வர ஆட்களும் பல இடங்களில் இல்லை.

கொப்பியில் இல்லாததும் உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் பத்துக் கை மாறி ஒவ்வொரு தரமும் விலை ஏறிய கதை, அந்த ஏலத்துக்குக் இந்துக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் வந்து வாழைக்குலை எடுத்துப் போவது, பிரசங்கியார் இன்ன குடி (தாய்வழிக் குலம்), கல்லறை வெட்டுகிறவர் இன்ன குடி என்று எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் எழுதாதது. இதையெல்லாம் எண்பது தாண்டிய நாலைந்து பேரிடம்தான் கேட்க வேண்டும். போன மாரியில் அவர்களில் ஒருவர் போய்விட்டார். நான் அடுத்த கிழமை போகலாம் என்று இருந்தேன்.

இப்போது மருமகன் மாலை நேரத்தில் தன் கைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறான். நாளுக்குப் பத்துப் பக்கம். பழைய தாளை விரித்துப் பிடிக்கவே இரண்டு பேர் வேண்டும், அதற்கு மேல் அவனுக்குப் பொறுமையும் இல்லை. இந்த வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. பதிவேடு சட்டப்படி யாருடையது, வெளியே காட்டலாமா என்று, சபைகளுக்குப் பொறுப்பான முகாமைக்குருவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். அண்மைக்காலப் பக்கங்களில் உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள் உண்டு, அவற்றைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான். பெரிய ஆலயங்களின் நூற்றாண்டு விழாக்களுக்கு நீங்கள் இடம் கொடுக்கிறீர்கள், நல்லது. மாதத்தில் அரைப் பக்கத்தைக் கல்லாறு, திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சின்னச் சபைகளுக்குத் தாருங்கள். மெதடிஸ்தம் என்று இல்லை, கத்தோலிக்கச் சிற்றாலயங்களும் வரட்டும். நிபந்தனை ஒன்று: வாழ்த்துச் செய்தி வேண்டாம், வில்லியம் ஓல்டும் வேண்டாம். பதிவேட்டிலிருந்தோ பழைய ஆட்களின் வாயிலிருந்தோ வந்தது மட்டும்.

சூறாவளிக்கு முந்தி ஓட்டுக் கூரையோடு இருந்த எங்கள் ஆலயத்தின் புகைப்படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அதன் முன்னால் நின்று எடுத்த கலியாணப் படம் யாருடைய அல்பத்திலாவது இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களும் தேடிப் பார்த்து உங்கள் அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பினால் நான் வந்து எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
சபைச் செயலாளர் ஒருவர்,
எழுவான்கரை, மட்டக்களப்பு