சாமையும் உரலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாட்களுக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்த செய்தி மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு வாரம் கொல்லிமலையில் தங்கியிருந்ததால்தான் உடனே பதில் எழுத முடியவில்லை. மலைமக்களுக்கு அருமை தெரியாததால்தான் பழைய பயிர்கள் அழிகின்றன என்று நீ எழுதியிருந்தாய். அங்கே பார்த்த பிறகு, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், முன்பு சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளிதான் கண்ணில் படுகிறது. ஆனால், பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை, பெருஞ்சாமை என்று தடங்கலின்றிச் சொல்கிறார்கள். முன்னதாக அறுவடைக்கு வரும் கட்டவெட்டி, குதிர் காலியாகும் மாதங்களில் அடுப்பை எரியவைக்கும். நாள் பிடிக்கும் பெருஞ்சாமை பின்னால் வந்து சேரும். கேழ்வரகுக்கு நடுவே துவரையும் அவரையும் கடுகும் போடுவார்கள். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று வீட்டைக் காக்கும் என்ற கணக்கில்தான் அத்தனை வகைகளையும் வைத்திருந்தார்கள்.

பிறகு ஏன் விட்டார்கள்? நான் தங்கிய வீட்டில் ஒரு நாள் விடியுமுன் உலக்கைச் சத்தம் கேட்டு எழுந்தேன். அறுபது வயதைத் தாண்டிய அந்த வீட்டு அம்மா, சாமையை உரலில் இட்டுக் குத்துவதும் முறத்தில் அள்ளிப் புடைப்பதும், உமி போகாததை மீண்டும் உரலிலேயே போடுவதுமாக இருந்தார். அரிசியை ஒட்டியிருக்கும் அந்த உமி எளிதில் கழலுவதில்லை. வெயில் ஏறிய பிறகும் ஒருவேளைச் சோற்றுக்கான அரிசிதான் தேறியிருந்தது. “எங்களுக்குச் சாமைச் சோறு பிடிக்காமல் இல்லை சாமி, குத்தத்தான் ஆள் இல்லை” என்றார். ரேஷன் அரிசியை அப்படியே உலையில் போட்டுவிடலாம். பகலெல்லாம் காட்டில் உழைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. மரபுப் பயிரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த உரலை மறந்துவிடுகிறார்கள்.

மரவள்ளி வைத்தவர்களையும் நான் குறைசொல்ல மாட்டேன். பத்து மாதத்தில் கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் மொத்தமாகப் பணம் கைக்கு வருகிறது; பிள்ளையின் படிப்புச் செலவும் மருத்துவச் செலவும் அதில்தான் அடைகின்றன. ஆனால், விலையை முடிவுசெய்வது கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளின் சந்தை. விலை இறங்கிய ஆண்டில் விற்று அரிசி வாங்கவும் போதாது, வீட்டில் தானியமும் இருக்காது. 2020-இல் கேரளத்தில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பின்னர் சேலம், நாமக்கல் வரை பரவியதை நீயும் படித்திருப்பாய். ஒரே பயிரை நம்பிய குடும்பத்துக்கு அப்போது பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இம்மலையில் பணியாற்றி, மகளிர் குழுக்களுக்கு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்ததைச் சரியான இடத்தில் கைவைத்த வேலை என்றே நினைக்கிறேன். நகரத்தில் சிறுதானியத்துக்குக் கிராக்கி கூடியிருப்பதும் நல்லதே. ஆனால், கடைக்காரருக்கு வேண்டியது ஒரே அளவும் ஒரே நிறமுமான சாமை. கட்டவெட்டிக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காதபோது, அந்த விதையைத் தனியாகக் காக்கும் செலவு முழுவதும் உழவரின் தலையில் விழுகிறது. நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2023-இல் கேழ்வரகு வழங்கத் தொடங்கியதைப்போல, கொல்லிமலைச் சாமையை அங்கேயே கொள்முதல் செய்து அங்கேயே வழங்கினால், விளைவிக்கிற வீட்டுக்கு வருமானமும் உண்ணுகிற வீட்டுக்குச் சோறும் கிடைக்கும்.

உன்னிடம் ஓர் உதவி கேட்கவே இவ்வளவும் எழுதினேன். நான் தங்கிய ஊரிலிருந்து உமி நீக்கும் இயந்திரம் இருக்கும் இடத்துக்கு மூட்டையைச் சுமந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும். வீட்டு மின்சாரத்திலேயே ஓடி, நொய் அதிகம் விழாமல் சாமையின் உமியை நீக்கும் சிறிய இயந்திரம் உங்கள் கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்து எழுது. நாளைப் பேருந்தில் இரண்டு படி சாமை அனுப்புகிறேன். ஒரு படியை அம்மாவிடம் கொடு, மற்றொன்றை இயந்திரத்தில் போட்டுப் பார்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்