சோலார் போடும் முன் இபி அட்டையைப் புரட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடியில் சோலார் போட்டால் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கும் என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். லாபமோ நஷ்டமோ அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீடு மதுரை திருநகரில். இரண்டு ஏசி, போர் மோட்டார், ஆறு பேர். சித்திரை, வைகாசியில் இரண்டு மாதக் கணக்கு 620 யூனிட் வரை போகும், மழைக்காலத்தில் 420. விலை பேச வந்தவர் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "5 கிலோவாட் தாராளமாகப் போடலாம்மா" என்றார். இடம் இருக்கிறதே என்பதுதான் அவர் கணக்கு. இபி அட்டையை அவர் கேட்கவே இல்லை.

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. அத்தோடு மானியம் நின்றுவிடும். 5 போட்டாலும் 78,000தான். மிச்சம் நம் கைக்காசு.

அடுத்து நம் ஊர்க் கட்டண முறை. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு விலை ஏறுவது மட்டுமல்ல, 100க்கு மேல் 200 வரைக்கும் இருந்த மலிவு விலையும் கைவிட்டுப் போகும். 501வது யூனிட் எவ்வளவு பொல்லாதது என்பது கோடையில் ஏசி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். சோலார் இந்தக் கணக்கை மேலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. உச்சியில் உள்ள விலை கூடின யூனிட்கள் முதலில் போகும். கடைசியில் மிஞ்சுகிற மலிவு யூனிட்டையும் இலவச நூறையும் வெட்டுவதற்கு எதற்குக் கடன் வாங்கிப் பேனல் போடவேண்டும்?

அதனால் 2 கிலோவாட் போதும் என்று முடிவெடுத்தோம். ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மதுரை வெயிலுக்கு இன்னும் கூட வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாதாம். அக்னி நட்சத்திரத்தில் கிடைத்ததைவிட மாசியில் நன்றாகக் கிடைத்தது. ஐப்பசி அடைமழையில் 3 யூனிட்டோடு முடிந்த நாளும் உண்டு. சராசரியாக இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் வருகிறது. மூவாயிரத்தைத் தாண்டிய கோடை பில் இப்போது முந்நூறுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

செலவு 1,55,000 ரூபாய். அதில் 15,000, தூக்கிக் கட்டிய கம்பிச் சட்டத்துக்கு. மாமியார் வத்தல், வடகம் காயப்போட இடம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததால் ஆளுயரத்துக்கு மேல் ஏற்றினோம். ஆடிக் காற்றுக்குத் தாங்கவேண்டும் என்பதால் அதில் சிக்கனம் பார்க்கவில்லை. மானியம் 60,000 போக, போட்ட பணம் திரும்ப எங்களுக்கு எட்டு வருஷம் ஆகும். "நாலே வருஷம்" என்று சொன்னவர் எந்த வீட்டுக் கணக்கைச் சொன்னாரோ! பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள், இன்வெர்ட்டருக்கு அவ்வளவு கிடையாது. இடையில் ஒருமுறை மாற்றவேண்டி வரும் என்று இப்போதே மனதில் வைத்திருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 150, 200 யூனிட்டோடு முடிகிற சிறிய வீட்டுக்காரர்கள் அவசரப்படவே வேண்டாம் என்பேன்.

மானியம் முதலிலேயே கழித்துக்கொள்ளப்படுவதில்லை. முழுப் பணத்தையும் நாம் புரட்டிக் கொடுத்து, வேலை முடிந்து, ஆய்வும் முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம். எங்கள் இணைப்பு காலமான மாமனார் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் என்று ஆறு வாரம் அலைந்தோம். பேனல் ஏற்றியது ஒன்றரை நாள்!

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் நிறுத்தினார்கள். உச்சி வெயில், மாடியில் பளபளவென்று நான்கு பேனல், கீழே ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, சூரியனுக்கும் லீவா?" என்று கேட்டுவிட்டார். பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு நம் வீட்டு மின்சாரம் பாயும். காரணம் தெரிந்தபின் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பவர் கட்டுக்காகவே சோலார் போடுகிறவர் எத்தனை பேர்! அவர்களுக்கு இதை எழுதியிருக்கவேண்டும் நீங்கள்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. வாரம் ஒருமுறை விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். தூசி படிந்தால் யூனிட் குறைவது மொபைலில் அப்படியே தெரிகிறது. கழுவி வழிகிற தண்ணீரை மாமியார் வாளியில் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறார். வத்தல் மட்டும் பேனல் நிழலில் காய மாட்டேன் என்கிறதாம். தெற்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக இடம் மாற்றியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.