முதல் முயற்சியில் வென்றவர்கள் மட்டும்தானா செய்தி?

ஆசிரியருக்கு வணக்கம்.

போட்டித் தேர்வு முடிவு வரும்போதெல்லாம் "முதல் முயற்சியிலேயே வெற்றி" என்று படத்தோடு செய்தி போடுகிறீர்கள். ஜெயித்தவரைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகள் மனசு விட்டுப்போவதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு தம்பி குரூப் 4-க்குப் படிக்க ஆரம்பித்தான். ஒருமுறை எழுதினான், வரவில்லை. உடனே வங்கித் தேர்வு என்றான், அப்புறம் ரயில்வே, அப்புறம் போலீஸ் எஸ்.ஐ. ஒவ்வொன்றுக்கும் பாடத்திட்டம் வேறு, புத்தகம் வேறு, போனில் டெலிகிராம் குழுக்கள்தான் கூடிக்கொண்டே போகின்றன, இறக்கிவைத்த பிடிஎஃப் ஒன்றையும் முழுதாகப் படித்தபாடில்லை. கெட்டிக்காரப் பிள்ளைதான். கேட்டால், "முதல் தடவையிலேயே வராதவனுக்கு இது செட் ஆகாதுக்கா" என்கிறான்.

அதே மேசையில் ஒரு பெண். நடவு, களையெடுப்பு நாட்களில் அம்மாவோடு வயலுக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருவாள். ஆறிலிருந்து பத்து வரை பள்ளிப் பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள், அவ்வளவுதான் அவளிடம் உள்ளவை. குரூப் 4-ல் 200 கேள்வியில் 100 தமிழிலிருந்தே வருவதால் அதை முதலில் எடுத்துக்கொண்டாள். தப்பாகப் போட்ட கேள்விகளை மட்டும் தனி நோட்டில் எழுதி, சில நாள் கழித்து விடையை மறைத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார்க்கிறாள். சரியாக வந்தால் ஓரத்தில் ஒரு கோடு, மூன்று கோடு விழுந்த பிறகுதான் அந்தக் கேள்வியை அடிக்கிறாள். அவளும் இன்னும் தேறவில்லை. ஆனால் கணக்கு என்றாலே ஒதுங்கியவள், இன்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூட்டுவட்டி சொல்லித் தருகிறாள். இதுவும் வளர்ச்சிதானே, இதை எந்த முடிவுப் பட்டியலில் போடுவார்கள்?

நூலகம் என்றதும் எங்கள் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனைச் சொல்லத் தோன்றுகிறது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அலுத்துப்போய், கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். லண்டன் போய் நூலகவியல் படித்த பிறகு மனம் மாறி, ஏறக்குறைய 20 ஆண்டுகள் அதே நூலகத்தில் இருந்தார். புத்தகங்களை வகைப்படுத்த அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறை நூலாக வந்தது 1933-ல்தான். நூலகத்தில் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இவர் நம்மூர்க்காரர் என்பதே தெரியாது, அது எனக்குப் பெரிய குறை.

குடிமைப் பணித் தேர்வில் பொதுப்பிரிவினருக்கு 6 முறை, ஓபிசி பிரிவினருக்கு 9 முறை வாய்ப்பு உண்டு. பலருக்குப் பலமுறை எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்துதானே அப்படி வைத்திருக்கிறார்கள்? சரி, வருடக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்து படி என்று நான் சொல்ல வரவில்லை. வயதையும் வீட்டு நிலைமையையும் பார்க்கத்தான் வேண்டும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேறு தேர்வுக்குத் தாவும் முன்னால் மார்க் எங்கே போனது என்றாவது ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முடிவு வரும்போது நான்காவது, ஐந்தாவது முறை எழுதித் தேறியவர் ஒருவரையும் அதே அளவு படத்தோடு போடுங்கள். முன்பு எந்தப் பாடத்தில் கோட்டைவிட்டார், படிக்கும் முறையில் எதை மாற்றினார், இடையில் வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தார் என்று விவரமாகக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சீர்காழி